பதினைந்து கட்டுப் போட்ட கால்

மூன்று நாள் அந்த நர்சிங் ஹோமில் படுத்திருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு தடவை வந்து காலில் கட்டு மாற்றினார்கள். ஆக மூன்று கட்டு. டிஸ்சார்ஜ் அன்று கையெழுத்துக்காக என்னிடம் நீட்டிய பில்லில் ஒன்பது என்று இருந்தது.

எண்ணுவது என் பிறவிக் குணம். மார்க்கெட்டில் வெற்றிலை வாங்கினால் கடைக்காரர் எதிரிலேயே இலை இலையாக எண்ணுவேன். அக்ரஹாரத்தில் எங்கள் தெருப் பூக்காரி, என்னைக் கண்டாலே முழம் போடுகிற கையை நன்றாக நீட்டிக்கொள்வாள். போதாததற்கு இருபத்தெட்டு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அதில் பாதிக்கு மேல், ஊழியர்களின் மருத்துவ பில்களைச் சரிபார்க்கிற மேஜையில். ஆஸ்பத்திரிச் செலவை முதலில் அவர்கள் தங்கள் கையிலிருந்து கட்டிவிட்டு பில்லைக் கொண்டுவருவார்கள். நான் வரி வரியாகப் பார்த்து, தகாததைச் சிவப்பு மையில் வெட்டி, மீதியைக் கொடுக்கலாம் என்று எழுதுவேன். ஆபீசில் எனக்குக் ‘கத்தரி மேடம்’ என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தக் கண்ணோடு என் பில்லைப் பார்த்தேன். வராத பொது மருத்துவர் ஐந்து தடவை வந்து பார்த்திருந்தார். சர்க்கரை நோயாளிக்கு உணவு ஆலோசனை என்று ஒரு வரி. எனக்கு ஆலோசனை சொன்னது பக்கத்துக் கட்டில் அம்மாள்தான், அவர் காசு கேட்கவில்லை. குளியலறைப் படியில் இடித்துக்கொண்ட பெருவிரல், சர்க்கரை உடம்பாதலால் சீழ் பிடித்திருந்தது, அவ்வளவுதான் எனக்கு. பில்லைப் படித்தால் ஏதோ காலையே எடுத்துவிட்டு வேறு கால் வைத்ததுபோல் இருந்தது.

டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். என் மகன் பெங்களூரில் அவனுடைய கம்பெனி வழியாக எனக்கும் ஒரு இன்ஷூரன்ஸ் போட்டிருக்கிறான். அதனால் பணத்தைப் பற்றி என்னிடம் இதுவரை யாரும் பேசவில்லை. டாக்டர் நல்ல மரியாதைக்காரர். எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். மூன்று கட்டு எப்படி ஒன்பது ஆனது என்று கேட்டேன். சிரித்தார்.

“உங்க கையை விட்டு ஒரு ரூபா போகலையே, மேடம்,” என்று கன்னடத்தில் சொன்னார். “கவர்ன்மெண்ட்ல இருந்தவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததா? எவ்வளவு எழுதினாலும் கம்பெனிக்காரன் மூணுல ஒரு பங்கு வெட்டுவான். கவர்ன்மெண்ட் பில்லும் அப்படித்தான், அங்கேயும் யாராவது ஒருத்தர் உட்கார்ந்து வெட்டுவாங்க. அதனால வெட்டறதுக்கு இடம் விட்டுத்தான் நாங்க எழுதறது.”

தையல்காரர் மடிப்புக்குத் துணி விடுகிறேன் என்று சொல்கிற தோரணையில் சொன்னார். அங்கே உட்கார்ந்து வெட்டிய ஆள் நான்தான் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் அவரோடு ஒரே ஒரு தடவை ஃபோனில் பேசியிருக்கிறேன். அன்று அவர் சொன்னதை நம்பி ஒரு மனிதரைத் திருடர் என்று எழுதினேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான், நான் எழுதியது பொய் என்று தெரிந்தது.

அந்த மனிதர் எங்கள் ஆபீஸ் அட்டெண்டர்.

ஆபீசில் நாற்பது பேர். தமிழ் பேசுகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று நான், ரயில்வே வேலைக்காக மைசூர் வந்தவரின் மகள். இன்னொருவர் தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரரான அவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். என் தமிழில் பாதி கன்னடம், அவர் தமிழில் கொங்கு வாடை. ஆனாலும் இரண்டு பேருக்கும் அது ஆசையாக இருந்தது. ஃபைல் வைக்கிற சாக்கில் வந்து, “ஏனுங்க்கா, இன்னைக்கு என்ன கொழம்பு?” என்று மெதுவாகக் கேட்பார். சுற்றி ஆள் இருந்தால் நான் மேடம், இல்லாவிட்டால் அக்கா. கன்னடம் சரளமாகப் பேசுவார், எழுதச் சொன்னால் வேர்த்துவிடும். அவருடைய லீவ் லெட்டர், பி.எஃப். விண்ணப்பம் எல்லாம் நான்தான் எழுதித் தருவேன். அவர் கையெழுத்தை மட்டும் வரைவார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ரிடையர் ஆவதற்குள் தபேதார் ஆகிவிட வேண்டும். பெரிய அதிகாரிக்கு முன்னால் நடந்துபோய்க் கதவைத் திறந்துவிடுகிற பதவி அது. வெள்ளை உடுப்பு, மார்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் ஒரு பித்தளை வில்லை. சம்பளம் ஒன்றும் பெரிதாகக் கூடாது. “பட்டையப் போட்டுக்கிட்டு ஒரு போட்டோ எடுக்கோணுங்க்கா, அது போதும்,” என்பார். நான் கிண்டல் செய்வேன். அடுத்த வருடம் அவர் முறை வருவதாக இருந்தது.

அப்போதுதான் ரெக்கார்டு ரூமில் இரும்பு ராக் சரிந்து அவருடைய முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரியக் கிழித்தது. இந்த நர்சிங் ஹோமில்தான் இரண்டு நாள் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஒரு மாதம் நொண்டி நொண்டி வேலைக்கு வந்தார். பிறகு பில் என் மேஜைக்கு வந்தது.

பதினைந்து கட்டு, தேதியோடும் நேரத்தோடும் எழுதியிருந்தது. எல்லாம் காலை பதினொரு மணி. நான் வருகைப் பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டேன். அதில் ஒன்பது நாள் அவர் ஆபீசில் இருந்திருக்கிறார். இருந்தது மட்டுமல்ல, சரியாகப் பதினொரு மணிக்கு என் மேஜையில் காபி வைத்திருக்கிறார். கண்டுபிடித்தவுடன் எனக்கு வந்தது ஒருவிதக் குஷி என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எண்ணுகிறவர்களுக்குத்தான் அது தெரியும்.

குஷி போய் ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் கொஞ்சம்தான் பில்லைப் பற்றியது. மிச்சமெல்லாம் என்னைப் பற்றியது. ஊரார் பில்லையெல்லாம் வெட்டுகிற கத்தரி மேடம் தன் பாஷைக்காரரை மட்டும் விட்டுவிட்டாள் என்று ஒரு நாக்குகூட அசைந்துவிடக் கூடாது என்ற பயம். நாங்கள் இங்கே பிறந்து வளர்ந்தவர்கள்தான், யாரும் எங்களை ஒன்றும் சொன்னதில்லை. ஆனாலும் காவிரித் தண்ணீர் விவகாரம் வரும்போதெல்லாம் அப்பா எங்களை வீதியில் தமிழ் பேசாதே என்று அடக்கி வளர்த்தது எங்கேயோ உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. வேறு யாருடைய பில்லாக இருந்தாலும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன். ஒன்பது கட்டை வெட்டிவிட்டு மீதியைக் கொடுத்திருப்பேன். அவர் தமிழர் என்பதால் மட்டும் டாக்டருக்கே ஃபோன் போட்டேன்.

டாக்டர் நிதானமாகப் பேசினார். ரிஜிஸ்டரில் பதினைந்து என்றுதான் இருக்கிறது என்றார். பிறகு தயங்குகிறவர்போல, “எத்தனையோ பேர் வந்து, கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கொடுங்கன்னு கெஞ்சறாங்க, மேடம். எங்க ஸ்டாஃப் இரக்கப்பட்டு எழுதியிருந்தாலும் எனக்குத் தெரியாது,” என்றார். படித்தவர், பொறுமையான குரல். எனக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அட்டெண்டரை எல்லார் நடுவிலும் கூப்பிட்டேன். பில்லையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது எப்படி என்று கன்னடத்தில் கேட்டேன். அவர் பதறிப்போய், சுற்றி ஆள் இருப்பதையும் மறந்து தமிழில் ஆரம்பித்தார்.

“அக்கா, டிஸ்சார்ஜ் அன்னைக்கே பதினஞ்சு கட்டுக்கும் சேத்து வாங்கீட்டாங்க்கா. ஆறு தடவ போனனுங்க. அப்பறம் வராட்டியும் பரவால்ல, ஊட்லயே கட்டிக்கன்னுட்டாங்க. மிச்சமெல்லாம் என்ற சம்சாரம் கட்டுனது. பில்லுல என்ன எழுதியிருக்குதுன்னு எனக்கெப்படீங்க தெரியும்? பணம் பூராவும் கட்டீட்டனுங்க்கா, ஆபீஸ்ல குடுத்துருவாங்கன்னு சொன்னாங்க.”

“கன்னடதல்லி மாதாடி,” என்றேன். கன்னடத்தில் பேசுங்கள் என்று. பத்து வருடம் என்னோடு தமிழ் பேசிய மனிதரிடம்.

அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அவர் சொல்வதற்கு முன்பே நான் குரலை இன்னும் உயர்த்தினேன். “நாச்சிகெ ஆகல்வா நிமகெ?” வெட்கமாக இல்லையா உங்களுக்கு என்று. அவர் வாயை மூடிக்கொண்டார். அதன்பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அதையே ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

பில் முழுவதையும் நிராகரித்தேன். பொய் பில் கொடுத்து அலுவலகத்தை ஏமாற்ற முயன்றார் என்று மெமோ போனது, அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் ஏறியது. அடுத்த வருடம் தபேதார் பட்டை வேறொருவருக்குப் போனது. அவர் குண்டலுபேட்டைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். போகும்வரை ஃபைல் வைப்பார், காபி வைப்பார். எல்லாம் கன்னடம், எல்லாம் மேடம். எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன், குற்றமுள்ள நெஞ்சு முகத்தைக் கொடுத்துப் பேசாது என்று. என் ஆணவத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஏழு வருடம் கழித்து அதே டாக்டர் எதிரில், அதே ரப்பர் ஸ்டாம்ப் குத்திய பில்லோடு உட்கார்ந்திருக்கிறேன். அவர் கூட்டி எழுதுவதால் நான் வெட்டினேன். நான் வெட்டுவதால் அவர் கூட்டி எழுதினார். நடுவில் ஒருவர் கையிலிருந்து ரொக்கமாகக் கட்டிவிட்டுத் திருடர் பட்டத்தோடு போனார்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கையெழுத்து இல்லாமல் டிஸ்சார்ஜ் இல்லை என்றார்கள். ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு மணி நேரம் போயிற்று. விரல் தெறித்தது. மாத்திரை போட்டுச் சாப்பிடாததால் கை நடுங்க ஆரம்பித்தது. மகன் ஃபோனில், “அம்மா, சும்னே யாக்கம்மா, வீணா எதுக்குச் சண்டை? உன் காசா போகுது? சைன் பண்ணிட்டு ஆட்டோ பிடிம்மா,” என்றான். கத்தரி மேடம் கையெழுத்துப் போட்டாள். ஒன்பது கட்டுக்கும், வராத மருத்துவருக்கும், சொல்லாத ஆலோசனைக்கும் சேர்த்து, மூன்று இடத்தில். ஆட்டோவில் வரும்போது அழுகை வந்தது. படித்தவள், பில் பார்க்கவே சம்பளம் வாங்கியவள், இரண்டு மணி நேரப் பசிக்குப் பணிந்துவிட்டேன். இங்கிலீஷ் தெரியாத ஒரு அட்டெண்டர் தையல் போட்ட காலோடு அந்தக் கவுண்டரில் என்ன செய்திருக்க முடியும்?

வீட்டுக்கு வந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். வழக்கமான பிடித்தம் போக பில் தீர்க்கப்பட்டது என்று ஒரு மெசேஜ் வந்தது. அவ்வளவுதான்.

கால் ஆறியதும் குண்டலுபேட்டைக்கு பஸ் ஏறினேன். பழைய சகா ஒருவர் விசாரித்துச் சொல்லியிருந்தார். ரிடையர் ஆகி, காய்கறி மண்டி வாசலில் காவல் வேலை பார்க்கிறாராம். காக்கிச் சட்டையில் லாரிக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று நேராக நின்றார். “பன்னி மேடம்,” என்றார். வாருங்கள் என்று.

இரண்டு தெரு தள்ளி வீடு. அவர் மனைவி காபி போட உள்ளே போனார். நான் தமிழில் ஆரம்பித்தேன். என் காலைப் பற்றி, பில்லைப் பற்றி, டாக்டர் சொன்னதைப் பற்றி, நான் கையெழுத்துப் போட்டதைப் பற்றி. பில்லின் நகலைக்கூடக் கொண்டுபோயிருந்தேன், காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “பிடி மேடம், ஆகி ஹோய்த்து,” என்றார். விடுங்கள், நடந்தது நடந்துவிட்டது.

“எப்படி விடறது? தப்பு என் மேலதான். உங்க பேர்ல இருக்கறத எடுக்கச் சொல்லி ஆபீசுக்கு நான் எழுதறேன்,” என்றேன்.

“ஈக யாவ தபேதார், மேடம்?” என்று சிரித்தார். இனிமேல் எந்தத் தபேதார் வேலை என்று.

எனக்குத் தாங்கவில்லை. “அன்னைக்கு ஏன் அப்படியே நின்னீங்க? என்னவோ சொல்ல வந்தீங்களே. சொல்லியிருக்கலாமே,” என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. எல்லாரையும்விட எனக்குத்தான் அதற்குப் பதில் தெரியும்.

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, ஏழு வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினார்.

“பணம் கட்டுனதுக்கு என்கிட்ட சாட்சி இருந்துச்சுங்க, மேடம். நீங்கதான் அது. ஆஸ்பத்திரிக்குக் கட்டக் கைமாத்து வாங்குனத பி.எஃப்.ல எடுத்துத்தான் அடைச்சேன். வைத்தியம்னு எழுதுனா சர்டிபிகேட் கேப்பாங்க, நாளாகும்னு, மகளோட காலேஜ் ஃபீசுன்னு நீங்களே உங்க கையால எழுதிக் குடுத்தீங்க. அத அத்தன பேருக்கு முன்னால நான் சொல்லியிருந்தா, பொய்யி எழுதிக் குடுத்தாங்கன்னு உங்களுக்கும் ஒரு மெமோ வந்திருக்குமுங்க. அதான் வாய மூடிக்கிட்டேன்.”

மறந்தே போய்விட்டது என்று இங்கே எழுதிவிடலாம். யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. ஆனால் மறக்கவில்லை. அவர் வாயைத் திறந்த அந்தக் கணத்தில் அந்த விண்ணப்பம், என் கையெழுத்து, நீல மை, எல்லாம் எனக்கு நினைவு வந்தது. சொல்லிவிடுவாரோ என்றுதான் குரலை உயர்த்தினேன். பிறகு, பி.எஃப். பணத்தை எங்கே செலவு செய்தாரோ யார் கண்டது என்று எனக்கு நானே சொல்லி அதன்மேல் மூடி போட்டுவிட்டேன். டாக்டர் அவருடைய பில்லில் ஒன்பது கட்டைக் கூட்டி எழுதினார். நான் எனக்குத் தெரிந்த ஒன்றைக் கழித்துவிட்டு எழுதினேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கை கூப்பியே கேட்டேன். அவர் பதறி எழுந்து, “பேட மேடம், பேட,” என்று என் கையைப் பிரித்துவிட்டார். வேண்டாம் என்று. மனைவி காபி கொண்டுவந்தார். மூன்று பேரும் மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசினோம். திரும்பி வந்தபிறகு ஆபீசுக்கு எழுதத்தான் எழுதினேன், பி.எஃப். விஷயத்தையும் மறைக்காமல் சேர்த்து. இன்றுவரை பதில் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டுவரை கூடவே வந்தார். என் காலைப் பார்த்து மெதுவாக நடந்தார். அவருக்கும் இடது கால் லேசாக இழுக்கிறது, அந்த ஒரு மாத நொண்டலுக்குப் பிறகும் அது தங்கிவிட்டதை நான் கவனித்ததில்லை. மைசூர் பஸ் நின்றது. கண்டக்டரிடம் சொல்லி முன் சீட்டில் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார்.

“ஹுஷாராகி ஹோகி, மேடம்,” என்றார்.

ஜாக்கிரதையாகப் போங்கள் என்று அர்த்தம். பஸ் கிளம்பிவிட்டது. மன்னிப்புக் கேட்பதற்காக வந்ததாகத்தான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாயால் ஒருமுறை அக்கா என்று கேட்பதற்குத்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேன்.